அடுத்த பாடசாலைச் சுற்றுலாவைச் சிங்கராஜவுக்குப் போடுங்கள்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும், பஸ் பிடித்துக் கொடுக்கிற பழைய மாணவர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வடக்கு கிழக்கிலிருந்து பாடசாலைச் சுற்றுலா என்று ஒரு பஸ் வெளிக்கிட்டால் அது எங்கே எங்கே நிற்கும் என்று பஸ் ஓட்டுநரைக் கேட்கவே தேவையில்லை, நாங்கள் படித்த காலத்திலிருந்து அதே வழிதான். பேராதனைப் பூங்கா, நுவரெலியா, ஹக்கல, தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, பிறகு கொழும்புக்கு இறங்கி மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடலில் இறால் வடை, நேரமிருந்தால் கட்டுநாயக்காவில் வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்த்துவிட்டு விடியற்காலையில் ஊருக்கு. இவற்றில் எதையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் புத்தகத்தில் "அயன மழைக்காடு" என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் சிங்கராஜ என்ற பெயர் இருக்கிறது, பரீட்சையில் அதை எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள், இந்த நாட்டிலேயே இருக்கிற அந்தக் காட்டை மட்டும் ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. ஒரு முறை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மீதியெல்லாம் ஏன், எப்படி என்பதுதான்.

நாங்கள் குடும்பமாகப் போய்விட்டு வந்தோம். கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய மாமி. மாமி எப்படி இதற்குள் வந்தார் என்று கேட்காதீர்கள், கதிர்காமத்துக்குப் போகிற வழி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரிப் பக்கமாகப் போய், கலவானை, வெத்தாகல தாண்டிக் குடாவை என்ற ஊர். அங்கேதான் வனத் திணைக்களத்தின் டிக்கெட் கந்தோர் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே, காட்டு விளிம்பில் பிறந்து வளர்ந்தவர்கள்.

எங்களுக்குக் கிடைத்தவர் ஐம்பது வயதுக்காரர், றப்பர் செருப்புக் காலோடு நின்றார். நாங்கள் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை இழுத்துக் கட்டிய சொக்ஸ், அதற்கு மேல் சவர்க்காரம் பூசி, மாமிக்குச் சேலையின் கீழ் என் மகனின் கால்பந்துச் சொக்ஸ். அவர் எங்கள் கோலத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டியது, அங்கே போய் "மிருகம் எங்கே" என்று கேட்டால் ஏமாற்றம்தான். யால மாதிரி ஜீப்பில் ஏறிப் போய் யானை பார்க்கிற இடமில்லை. சிறுத்தை அந்தக் காட்டில் இருக்கிறது, ஆனால் அது உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் அரை மணித்தியாலம் என் மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். மரம், மரம், இன்னும் மரம். அப்புறம் வழிகாட்டி பாதையோரம் குந்தியிருந்து ஒரு இலைக் குவியலைக் கையால் காட்டினார். ஒன்றுமே இல்லை. இன்னும் கிட்டப் பார்க்கச் சொன்னார். காய்ந்த இலை நிறத்தில், காய்ந்த இலை மாதிரியே ஒரு பக்கம் சுருண்டு, ஒரு ஓணான். கண் மட்டும் உருண்டது. மகன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான், அது சட்டென்று எழும்பிப் பின்னங்கால் இரண்டிலும் ஓடியது, முன்னங்கால் நிலத்தில் படவேயில்லை. கங்காரு ஓணான் என்பார்கள், இந்த இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதற்குப் பிறகு அவன் யாரையும் கேட்கவில்லை, தானே குனிந்து குனிந்து தேடத் தொடங்கிவிட்டான், ஒவ்வொரு பத்தடிக்கும் நாங்கள் நிற்க வேண்டியதாயிற்று.

நாங்கள் நடந்த பாதையின் கதையைக் கேட்டால் சமூகக்கல்வி ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். அகலமாக, லொறி போகிற மாதிரி வெட்டிய பாதை. காட்டுக்குள் இவ்வளவு அகலம் எதற்கு என்று மகள் கேட்டாள். மரம் ஏற்றத்தான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டை இயந்திரம் வைத்து வெட்டத் தொடங்கினார்கள், அப்போது போட்ட லொறிப் பாதைதான் இன்று நாங்கள் நடக்கிற பாதை. எதிர்ப்புக் கிளம்பியது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கேயே வாழ்ந்த திலோ ஹொஃப்மன் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். 1977இல் வெட்டு நின்றது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கம், 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. இந்த ஆண்டுகளை எங்கள் பிள்ளைகள் குறிப்புக் கொப்பியில் வைத்திருக்கிறார்கள். வெட்டிய பக்கத்தில் மரங்கள் இன்னும் மெலிந்து நெருக்கமாய் நிற்க, வெட்டாத பக்கத்தில் அடிமரத்தை மூன்று பேர் கைகோர்த்துப் பிடித்தாலும் எட்டாமல் நிற்பதைப் பார்க்கும்போதுதான் அந்த ஆண்டுகளுக்கு அர்த்தம் வருகிறது. ஒரே பாதையின் இரண்டு பக்கமும்!

காட்டுக்கு வெளியே குடாவைப் பக்கம் பைன் மரங்கள் வரிசையாக நிற்கும், எல்லையாக இருக்கட்டும் என்று நட்டவை. பைனுக்குக் கீழே ஒன்றும் முளைக்காது என்று நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் தங்களோடு சேர்ந்தவர்களோடு அந்தப் பைனுக்குள் இடைவெளி எடுத்து மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். அதே இருவர்தான் 1993இல் காட்டுக்குள் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேலான ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் போட்டு அளக்கிற வேலையைத் தொடங்கியவர்கள். 200க்கும் மேற்பட்ட இனங்கள், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள். கணித ஆசிரியர் ஒருவர் கூட வந்தால் மாதிரியெடுத்தல் பாடத்தை அங்கேயே நின்று படிப்பிக்கலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது பறவைக் கூட்டத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

பத்து மணியளவில் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். தூரத்தில் கலகலவென்று ஒரு சத்தம். வருகுது, அசையவேண்டாம் என்றார். என்ன வருகுது என்று கேட்க முதலே மரங்களெல்லாம் அசையத் தொடங்கின. செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டு நிறக் குருவிகள் இருபது முப்பது, கொப்புக்குக் கொப்பு தாவிச் சத்தம் போட்டுக்கொண்டு முன்னால். அவற்றுக்கு மேலே வால் கிளைத்த கரிச்சான். சிவந்த முகமும் நீண்ட வாலுமாக ஒரு குயிலின் சொந்தக்காரர் இலைக்குள் வாலை இழுத்துக்கொண்டு. நடுவில் ஒரு மரங்கொத்தி, கீழே இலைக்குப்பையைக் கிளறிக்கொண்டு சாம்பல் தலைக் குருவிகள், இவற்றோடு சேர்ந்து ஒரு அணில் கூட. நல்லூர்த் தேருக்கு அயலூர்ச் சனமெல்லாம் சேர்ந்து போகிற மாதிரி, ஒவ்வொருவரும் தன் தன் பாட்டில், ஆனால் எல்லோரும் ஒரே திசையில். பத்து நிமிடம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு காடு பழையபடி.

சிங்கராஜவின் இந்தக் கலப்புப் பறவைக் கூட்டத்தை 1981இலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகள், பத்துப் பன்னிரண்டு இனங்கள். எதற்காகச் சேர்ந்து போகின்றன? தவிட்டுக் குருவிகள் கிளறும்போது பறக்கிற பூச்சிகளைக் கரிச்சான் பிடிக்கும். பதிலுக்குப் பருந்து வந்தால் முதலில் கத்துவது கரிச்சான், எல்லோரும் தப்பிக்கொள்வார்கள். இதிலே எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்யும். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பாவனைக் குரலைக் கேட்டு மற்றப் பறவைகள் கூடுகின்றன என்று காட்டினார்கள். அதாவது தனக்கு ஒரு கூட்டம் வேண்டுமென்றால் மற்றவர்களின் குரலில் கூப்பிட்டு அது சேர்த்துக்கொள்கிறது. என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அது பொய் சொல்லுதா அம்மா?" என்றாள். இன்றைக்கும் வீட்டில் அது தீராத வழக்கு. அவளுடைய அப்பா கரிச்சான் பக்கம்.

இப்படி ஒரு கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வருவதற்கு வகுப்பறையில் எத்தனை பாடவேளை செலவழிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குடுவைத் தாவரமும் அப்படித்தான். புத்தகத்தில் படம் இருக்கிறது, பூச்சியுண்ணும் தாவரம் என்று பெயர் எழுதிக் கோடு போடுவார்கள். அங்கே பாதையோரம், வெயில் படுகிற இடத்தில், புதரில் கொடியாய்ப் படர்ந்து தொங்குகிறது, இலை நுனி நீண்டு நூலாகி அந்த நூலின் முனையில் குடுவை. ஒன்றின் மூடி முழுதாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால் அரைவாசிக்குத் தண்ணீர், அடியில் கறுப்பாய் எறும்பு மண்டி, மேலே ஏதோ ஒரு குடம்பி நெளிந்து நீந்திக்கொண்டிருந்தது. எறும்பைக் கரைக்கிற தண்ணீரில் இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது என்று மகன் கேட்டான். பக்கத்தில் இன்னும் மூடி திறக்காத குஞ்சுக் குடுவை ஒன்று. தொட்டுப் பார்க்கலாம், பிடுங்கக் கூடாது என்றார் வழிகாட்டி. மாமி தொட்டுப் பார்த்துவிட்டு, "தோல் மாதிரி இருக்கு" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அட்டையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும்பப் போகிற கேள்வி அதுதான். இருக்கிறது. நிறைய இருக்கிறது. இலை நுனியில் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு மறுமுனையை நீட்டி, யார் வருகிறார்கள் என்று நாலு பக்கமும் துழாவிக்கொண்டு நிற்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாழ்க்கையில் பார்த்திராத சாமான். விஷமில்லை, நோவும் தெரியாது. இரத்தம் உறையாமல் செய்கிற ஒரு பொருளை விடுவதால் கடிவாயிலிருந்து கொஞ்ச நேரம் ஒழுகும், பிறகு இரண்டு மூன்று நாள் அரிப்பு. பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும். உப்பு ஒரு சிறிய பையில் கொண்டுபோகலாம். எங்கள் குழுவில் கடி வாங்காத ஒரே ஆள் மாமி. கால்பந்துச் சொக்ஸ் வேலை செய்திருக்கிறது! அட்டை ஏறிய பிள்ளைகள் இருவரும் அழுவார்கள் என்று நினைத்தேன், ஆளுக்கு எத்தனை என்று எண்ணிப் போட்டி போட்டார்கள்.

பாம்பும் இருக்கிறது. குனக்கட்டுவா என்று சிங்களத்தில் சொல்கிற சிறிய விரியன் காய்ந்த இலைக்குள் இலையோடு இலையாகக் கிடக்கும். இந்த நாட்டில் ஆட்களைக் கூடுதலாகக் கடிக்கிற பாம்புகளில் அது ஒன்று. அதனால் மூடிய சப்பாத்து, பாதையை விட்டு இறங்காமல் நடப்பது, குந்துவதற்கு முன் பார்ப்பது, கை வைப்பதற்கு முன் பார்ப்பது. வழிகாட்டி முன்னால் போவது எதற்கு என்று பிள்ளைகளுக்கு முதலே விளங்கப்படுத்திவிட வேண்டும். அவரை முந்தி ஓடுகிற பிள்ளையை ஆசிரியர் பிடித்துக்கொள்ள வேண்டும், அது வழிகாட்டியுடைய வேலையில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். தூரம். உண்மைதான், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் போய்வருகிற இடமில்லை. ஆனால் இப்போதும் நீங்கள் இரண்டு இரவு மூன்று நாள் சுற்றுகிறீர்கள். கொழும்பு நாளில் ஒன்றை எடுத்து இரத்தினபுரிப் பக்கம் திருப்பினால் முடிந்தது. கலவானைப் பக்கத்திலும் குடாவையிலும் தங்குவதற்கு எளிமையான இடங்கள் இருக்கின்றன. பின்னேரம் போய்ச் சேர்ந்து, விடியற்காலை காட்டுக்குள் போய், மத்தியானம் வெளியே வந்துவிடலாம். மட்டக்களப்பு, திருகோணமலைக்காரருக்கும் கணக்கு ஏறத்தாழ இதேதான்.

மழை. வருடத்துக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை பெய்கிற இடம், எங்கள் ஊரில் பெய்வதைப்போல மூன்று மடங்கு அளவில். மே, ஜூன் மாதங்களையும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது, ஓகஸ்டும் பரவாயில்லை. எப்போது போனாலும் பின்னேர மழைக்கு உத்தரவாதம் உண்டு. குடை காட்டுக்குள் உதவாது, கொப்பில் மாட்டும், மழைக்கோட்டுத்தான் சரி. பெண்பிள்ளைகளுக்குச் சீருடைப் பாவாடையோடு வரச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நீளக் காற்சட்டை போட விடுங்கள், ஒரு நாளைக்கு ஒழுக்கம் ஒன்றும் கெட்டுப்போகாது.

மொழி. இதுதான் பெரிய விஷயம். எங்கள் வழிகாட்டிக்குச் சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம். நாங்கள் தப்பியது என் கணவரால், அவர் கொழும்பில் வேலை செய்ததால் சரளமாகக் கதைப்பார். மனிதர் நடந்ததைவிட மொழிபெயர்த்ததில்தான் களைத்துப் போனார். மாமிக்கும் வழிகாட்டிக்கும் மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மரமஞ்சளைக் கண்டதும் மாமி கொடியைத் தொட்டு, நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் என்று காட்டினார், வழிகாட்டி "வெனிவெல், வெனிவெல்" என்று தலையாட்டித் தானும் நெற்றியில் கைவைத்தார். கித்துள் மரத்தடியிலும் அதேபோல ஒரு நீண்ட உரையாடல், சைகையிலேயே, பாணி எப்படிக் காய்ச்சுவது என்று. ஆனால் முப்பது பிள்ளைகளுக்குச் சைகையால் பாடம் நடத்த முடியாதுதானே. ஆகவே இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரையோ பெற்றோரையோ கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு முதல் நாளே பறவைகள், மரங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள், சிங்களப் பெயரையும் பக்கத்தில் எழுதி. வழிகாட்டி "கெஹிபெல்லா" என்று கத்தும்போது நீல நிறமும் சிவந்த அலகுமாய் அந்தப் பறவை கொப்பில் இருக்கிற நேரம் சில விநாடிகள்தான், அதற்குள் மொழிபெயர்ப்பு முடிந்து கண் போய்ச் சேர வேண்டும்.

இந்த இடத்தில் வழிகாட்டிகளைப் பயிற்றுகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட்டால். இறக்குவானை, தெனியாயப் பக்கத் தோட்டங்களில் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். சிங்கராஜவின் மறுபக்க வாசல்கள் அவர்களுக்குக் கிட்ட. அவர்களில் பலர் இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாகக் கதைப்பவர்கள், அந்த மலையும் மழையும் அட்டையும் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்களில் சிலரைப் பயிற்றி எடுத்தால் அவர்களுக்கு ஒரு தொழில், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாய். மலையகப் பாடசாலை ஆசிரியர்கள் இதை எங்களைவிட அழுத்தமாகக் கேட்கலாம், காடு உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூன்று பஸ், நூற்றைம்பது பிள்ளைகள் என்று கிளம்புவதாக இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள், நான் எழுதியதை மறந்துவிடுங்கள். முன்னால் போகிற பத்துப் பேர் பார்ப்பதைப் பின்னால் வருகிற நூற்றுநாற்பது பேர் கலைத்துவிடுவார்கள். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வகுப்பு, மூன்று வழிகாட்டிகள், கால் மணித்தியால இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, அவ்வளவுதான் அந்தப் பாதை தாங்கும். பஸ்ஸில் போடுகிற பெரிய ஸ்பீக்கரைப் பஸ்ஸோடு விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் வெளியே வருகிற நேரம் உள்ளே போன ஒரு குழுவின் கையில் அது இருந்தது, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. எந்த ஊர், எந்த மொழி என்று எழுதப் போவதில்லை. பிஸ்கட் உறை, போத்தல் எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். சாப்பாட்டை வெளியே வந்து சாப்பிடலாம்.

வன்னியிலிருந்து வருகிற பாடசாலைகள், காடு எங்களுக்குப் புதிதா என்று கேட்பீர்கள். நியாயம்தான், பாலையும் முதிரையும் வீரையும் உங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதனாலேயே உங்கள் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் காடு கூடுதலாக விளங்கும் என்று நினைக்கிறேன். வரட்சியைத் தாங்குவதற்காகச் சிறுத்துத் தடித்த இலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தண்ணீர் வடிவதற்காகவே நுனி கூராகி நீண்ட இலையைப் பார்க்கும்போது, உலர் வலயம், ஈர வலயம் என்று வரைபடத்தில் இரண்டு நிறம் தீட்டியது எதற்காக என்று தானே கண்டுபிடிக்கும். களுகங்கைக்கும் ஜின்கங்கைக்கும் தண்ணீர் அனுப்புவது இந்த மலைகள்தான், ஓடையில் காலை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கொடுங்கள்.

உயிரியல் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லலாம், வழியில் பஸ்ஸிலேயே சொல்லலாம். 1995இல் தீபால் வாரகாகொட என்ற பறவை ஆராய்ச்சியாளருக்கு இரவில் காட்டில் ஒரு குரல் கேட்டது, அவருக்குத் தெரிந்த எந்தப் பறவையின் குரலும் இல்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைக் கண்ணால் காண அவருக்கு 2001 வரை சென்றது, சிங்கராஜவில்தான் கண்டார். உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய செம்பழுப்பு ஆந்தை. 2004இல் புதிய இனமாக அறிவித்தார்கள், 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடித்த முதல் புதிய பறவை. இதெல்லாம் எப்போதோ வெள்ளைக்காரர் எழுதி முடித்துவிட்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு, தாங்கள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னர்தான் இது நடந்தது என்று தெரியட்டும். எங்கள் வழிகாட்டி அந்த ஆந்தை பகலில் உறங்குகிற புதர் ஒன்றைத் தெரியும் என்றார், ஆனால் அன்றைக்குக் காட்ட மறுத்துவிட்டார். முதல் நாள் நிறைய ஆட்கள் போய் வெளிச்சம் அடித்துத் தொந்தரவு கொடுத்துவிட்டார்களாம். கூடுதல் காசு தருகிறேன் என்று எங்களுக்குப் பின்னால் வந்தவர் ஒருவர் கேட்டும் மனிதர் அசையவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

வழிகாட்டிகளுக்குக் கொடுக்கிற அன்பளிப்பைச் சுற்றுலாச் செலவில் முதலே சேர்த்துவிடுங்கள், கடைசியில் பிள்ளைகளிடம் சில்லறை சேர்க்காமல். முடிந்தால் ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகள் கீறிய படங்களில் ஒன்றிரண்டை அனுப்புங்கள். என் மகள் கரிச்சானை வரைந்து அனுப்பினாள், அந்தக் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி.

இவ்வளவு தூரம் முடியாது, இந்த வருடம் காசில்லை என்கிற பாடசாலைகளுக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. கண்டிக்கு எப்படியும் போகிறீர்கள். தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் உடவத்தகெலே இருக்கிறது. நகரத்துக்கு நடுவே காடு. சிங்கராஜ இல்லைத்தான், ஆனால் கடைத்தெருவில் செலவழிக்கிற இரண்டு மணித்தியாலத்தை அங்கே செலவழிக்கலாம். அட்டையும் இலவசம்.

ஏதாவது ஒரு பாடசாலை, ஒரேயொரு பாடசாலை, வருகிற பெப்ரவரியில் ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போக முடிவெடுத்தால் சொல்லுங்கள். பறவை, மரப் பெயர்கள் எழுதிய தாள் ஒன்றை இரண்டு மொழியிலும் நானும் மகளும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம், பிரதி எடுத்துத் தருகிறோம். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் என் கணவர் லீவு போட்டு வருவார், அவரிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்டால் மறுக்கமாட்டார். மாமியும் வருவதாகச் சொல்கிறார், ஆனால் அவருக்கு நீங்கள் பஸ்ஸில் முன் இருக்கை கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
யாழ்ப்பாணம்